எண்ணூர்க் கடலில் பவளம் ஏன் இல்லை, பவளத்தீவில் எதைப் பார்ப்பது?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் கடல். ஆனால் தொலைக்காட்சியில் காட்டும் பவளமும் வண்ணமீன்களும் நம் பக்கம் ஏன் இல்லை? மே மாத விடுமுறையில் பிள்ளைகளோடு ராமேஸ்வரமோ அந்தமானோ போக நினைக்கிறோம். பவளத்தீவுகளைச் சுற்றி என்னென்ன உயிர்கள் இருக்கும், எதைத் தேடிப் பார்க்கலாம், எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும்?"

முதலில் பவளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்ற பதில்கள் அதிலிருந்துதான் வருகின்றன. பவளப்பாறை என்று நாம் சொன்னாலும் அதைக் கட்டுவது ஒரு விலங்கு. சில மில்லிமீட்டர் உடல், ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றி வரிசையாகக் கொட்டும் கைகள். அவ்வளவுதான் அதன் உருவம். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில் ஒட்டிப் பிறந்து, பழையதன்மேல் புதியது கட்டிக்கொண்டே போகும். இந்தக் கட்டட வேலைக்கான சாப்பாட்டில் பெரும்பங்கு அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகள் போடுவது. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், உப்பு அதிகம் ஏறி இறங்கக் கூடாது, காலூன்ற நகராத கெட்டித் தரை வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை நடந்து பாருங்கள். பெரும்பாலானவை தேறாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் உப்பைக் குறைத்துக்கொண்டு நம் கரையை ஒட்டி இறங்குகிறது. அதே மாதங்களில் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கூவமும் தங்கள் பங்குக்குச் சேற்றைக் கொண்டுவந்து தள்ளுகின்றன. தரையோ மணல்; அதுவும் ஓரிடத்தில் நிற்காத மணல். ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது; வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டு போனது. நம் பக்கம் தெருக்கோடியில் கருங்கல் கொட்டிவைத்திருப்பதன் கதை இதுதான். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் மணலில் பவளத்தின் குஞ்சு எங்கே போய் ஒட்டும்?

அனல்மின் நிலையத்தின் சுடுநீர், சாம்பல், சாக்கடை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் என்று நம் கடல்மேல் நடந்த கொடுமைகளுக்குக் கணக்கே இல்லை. இறாலும் நண்டும் மட்டியும் அதனால் அடிவாங்கின. ஆனாலும் பவளம் இல்லாததற்கு அந்த ஆலைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவை வருவதற்கு முன்பும் இங்கே பவளத்திட்டு கிடையாது. சேறு இருந்தால் பவளமே வராது என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம்: குஜராத்தின் கட்ச் வளைகுடா கலங்கலான கடல்தான், அங்கே முரட்டுப் பவள இனங்கள் சில தாக்குப்பிடித்து வாழ்கின்றன. அங்கே கால்வைக்கப் பாறைத் தரை இருக்கிறது. இந்தியாவில் பவளத்திட்டுகள் பெரிய அளவில் இருக்கும் இடங்கள் நான்குதான்: கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் சேர்ந்த பகுதி, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார்.

நம் கடலில் பாறையே இல்லை என்றும் இல்லை. கரையிலிருந்து தள்ளி, மணலுக்கு நடுவே ஆங்காங்கே கிடக்கும் பாறைத்திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பதைக் கரையின் அடையாளங்களை வைத்தே சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் நம் குப்பங்களில் உண்டு. களவா, சங்கரா, சிங்கி இறால் எல்லாம் அந்தப் பார்களைச் சுற்றி வாழ்பவை. பயணத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வேண்டுமென்றால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடல் அமைதியாக, நீர் வற்றி இருக்கும் காலை நேரத்தில் திருவொற்றியூர்க் கருங்கல் ஓரத்தில் பெரியவர் ஒருவர் துணையோடு உட்கார்ந்து, கல் இடுக்கில் தேங்கிய நீரைப் பத்து நிமிடம் அசையாமல் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் கிழிக்கும் கொட்டலசு தன் மூடியைத் திறந்து, மயிர்போன்ற கால்களால் தண்ணீரை வாரி வாரி உள்ளே இழுக்கும். பச்சை மட்டி வாயைத் திறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கடல் சாமந்தி கண்ணில் படும். விரலைக் கொண்டுபோனால் கைகளைச் சுருக்கிக்கொள்ளும் அந்தப் பிராணி பவளத்தின் நெருங்கிய உறவு. சுண்ணாம்புக் கிண்ணம் கட்டாத பவளம் என்றே அதைச் சொல்லலாம்.

இனி தீவுகள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா, நல்லதண்ணி, காசுவார், வான் தீவு என்று கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. 1986இல் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. எல்லாம் தாழ்ந்த மேடுகள். பவளத்துண்டும் மணலும் அலையடித்துக் குவிந்தவை. அந்தமான் வேறு வகை: கடலுக்குள் மூழ்கிய மலைத்தொடரின் உச்சிகள், அவற்றின் காலடியில் ஓரம்போட்டதுபோல் பவளம். லட்சத்தீவு மூன்றாவது வகை, மூன்றிலும் விசித்திரமானது. 36 தீவுகள், மொத்த நிலப்பரப்பே சுமார் 32 சதுர கிலோமீட்டர், எல்லாம் வளையமாக வளர்ந்த பவளத்தின்மேல் அமைந்தவை. நடுக்கடலில் வளையம் எப்படி வந்தது? எரிமலைத் தீவு ஒன்று மெல்ல அமிழ, அதன் ஓரத்தில் இருந்த பவளம் வெயிலைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டு போக, கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சியது என்று 1842இல் டார்வின் எழுதினார். பசிபிக் கடலின் எனிவெட்டோக் வளையத்தில் 1952இல் துளைபோட்டுப் பார்த்தார்கள். 1,200 மீட்டருக்கும் மேலான சுண்ணாம்பைத் தாண்டிய பிறகே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

அதாவது, அங்கே காலை வைத்து நிற்கும் நிலமே உயிர்கள் செய்து போட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கப் போங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சுற்றுலாப் படங்கள் வண்ணத்தைக் காட்டி நிறுத்திக்கொள்கின்றன. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனித்தால் காட்சியே மாறிவிடும்.

முதல் வேலைக்காரன் கிளிமீன். காசிமேட்டு ஏலத்தில் எப்போதாவது பச்சையும் நீலமுமாக ஒன்றிரண்டு வந்து கிடக்கும். வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்துத் தயங்குவார்கள். அடுத்தமுறை கண்டால் தலையை மட்டும் கேட்டு வாங்கி நிதானமாகப் பாருங்கள். முன்பற்கள் தனித்தனியாக இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டி மேலும் கீழுமாக இரண்டு அலகுகளாகியிருக்கும். கிளி என்ற பெயர் அதனால்தான். வாய்க்குள் விரலை விட்டால், தொண்டைக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அரம்போல் சொரசொரத்த இரண்டு எலும்புத் தகடுகள் தட்டுப்படும். அம்மியும் குழவியும் அதுதான். பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்ட அலகு; பாசியோடு பெயர்ந்து வந்த சுண்ணாம்பை அரைக்கத் தொண்டைத் தகடு. அரைத்ததில் சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்பக்கமாக விடும். அது வெள்ளை மணல்.

கொச்சையாகச் சொன்னால் பவளத்தீவுகள் பலவற்றின் பளிங்கு மணலில் பெரும்பகுதி மீன் கழிவு. மாலத்தீவின் வக்காரு என்ற தீவைச் சுற்றி ஆய்வு செய்து 2015இல் வெளியான முடிவின்படி, அங்கே திட்டில் உண்டாகும் புது மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் அரைத்தது. இனங்களிலேயே பெரியதான முட்டுத்தலைக் கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு ஐந்து டன் அளவுக்குப் பவளச் சுண்ணாம்பைக் கடித்துத் தள்ளக்கூடியது. மணலைவிட முக்கியமான வேலை பாசியை மேய்வது. பாசி மூடிய பாறையில் பவளக்குஞ்சு ஒட்ட முடியாது. கிளிமீனும் ஓரா மீனும் மேய்ந்து வெளுத்துவைத்த இடத்தில்தான் அது இடம்பிடிக்கும். கிளிமீன்களை அளவுக்குமீறிப் பிடித்துவிட்ட தீவுகளில் பவளம் ஒருமுறை செத்தால் திரும்பி வருவது கடினமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் 'கரக் கரக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது இவர்கள்தான்.

இரண்டாவது வேலைக்காரர்கள் வானத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் என்றொரு பவளத்தீவுக் கூட்டம். சில தீவுகளில் பழைய கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் பெருகிவிட்டன. சில தீவுகளில் எலி கிடையாது. எலி முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். 2018இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு இந்த இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டது. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு. அதைவிட ஆச்சரியம் தண்ணீருக்குள்: எலியில்லாத தீவை ஒட்டிய திட்டுகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதல். பறவைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய்ப் பிடித்த மீனைத் தின்று, தீவில் எச்சமிட, மழை அதைக் கரைத்துத் திட்டுக்குக் கொண்டுபோக, பாசி செழிக்க, மேயும் மீன்கள் கொழுக்கின்றன. தீவுக்குள் நுழைந்த எலியால் கடலுக்குள் கிளிமீன் இளைக்கிறது.

லட்சத்தீவில் பிட்டி என்றொரு சின்ன மணல்திட்டு உண்டு. மரம் கிடையாது, மனிதர் கிடையாது. ஆலாக்கள் கூட்டங்கூட்டமாக வந்து முட்டையிடுவதால் அதற்குப் பறவைத் தீவு என்றே பெயர். முதுகு கருத்த ஒருவகை ஆலா கூட்டைவிட்டுப் பறந்தால் ஆண்டுக்கணக்கில் தரையில் இறங்காமல் காற்றிலேயே வாழக்கூடியது. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் பழவேற்காட்டுப் பக்கம் களைத்து ஒதுங்கிய நடுக்கடல் பறவைகளைப் பறவை ஆர்வலர்கள் தேடிப்போவதுண்டு. மன்னார் வளைகுடாவிலோ குளிர்காலத்தில் வடக்கு நாடுகளிலிருந்து உள்ளான்கள் வந்து மனோலித் தீவின் சேற்றில் இறங்கும். கெட்டியான கறுப்பு அலகோடு, வெள்ளையும் கறுப்புமாக உயர்ந்த கால்களில் நிற்கும் நண்டுதின்னியைக் கண்டால் அந்த நாள் வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் தண்ணீருக்குள். கோமாளி மீனைத் தேடாதீர்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள், தேடட்டும். பெரிய கடல் சாமந்திக்குள் பார்த்தால் கிடைக்கும். குடும்பத்தில் பெரியது பெண், அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆனால் எனக்குப் பிடித்த காட்சி வேறு. கையளவுகூட இல்லாத, நீல உடலில் கறுப்புக்கோடு போட்ட ஒரு மீன், குறிப்பிட்ட ஒரு பாறை முனையில் நின்று மேலும் கீழுமாகக் குதித்துக் குதித்து ஆடும். துப்புரவு மீன். அந்த இடம் அதன் கடை. களவா வரும், கிளிமீன் வரும், சில நேரம் சுறாகூட வரும். வந்த வாடிக்கையாளர் அசையாமல் நின்று, வாயைத் திறந்து, செவுளை விரித்துக் காட்டும். களவாவின் வாய்க்குள் இந்தப் பொடியன் நுழைந்து பல்லிடுக்கில் ஒட்டியதையும் தோலில் இருக்கும் ஒட்டுண்ணியையும் கொத்தித் தின்று, செவுள் வழியாக வெளியே வரும். களவா விழுங்காது.

நேர்மையான வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள். துப்புரவு மீனுக்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் உடலில் உள்ள வழவழப்புப் படலத்தின்மேல்தான் ஆசை. சமயம் பார்த்து ஒரு கடி கடிக்கும். வாடிக்கையாளர் உடலைச் சிலிர்த்துக்கொண்டு விலகுவதைக் கண்ணால் பார்க்கலாம்; கோபத்தில் துரத்துவதும் உண்டு. இன்னொரு மோசடிக்காரனும் இருக்கிறான்: அதே நீலம், அதே கறுப்புக்கோடு, அதே ஆட்டம், நம்பி வந்த மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். இந்தக் கடையைக் கண்டுபிடித்தால் சுற்றி நீந்துவதை விட்டுவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி மிதந்துகொண்டே பாருங்கள். களவாவும், பாம்புபோல் நீண்ட அஞ்சாளை மீனும் சேர்ந்து வேட்டையாடுவதைச் செங்கடலில் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். இரை இடுக்கில் புகுந்துவிட்டால் களவா அஞ்சாளையின் பொந்துக்கே போய்த் தலையை ஆட்டி அழைக்கும். அஞ்சாளை இடுக்குக்குள் நுழையும், இரை வெளியே பாய்ந்தால் களவாவுக்கு, உள்ளே மாட்டினால் அஞ்சாளைக்கு.

பொழுது சாய்ந்ததும் ஆட்கள் மாறுகிறார்கள். கிளிமீன் பாறையிடுக்கில் படுத்து, சில இனங்கள் தம்மைச் சுற்றி எச்சில்போன்ற ஒரு கூட்டை ஊதிக்கொண்டு உறங்கும். சிங்கி இறால் வெளியே வரும், பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) நண்டைத் தேடிப் புறப்படும். பகலில் கைகளைச் சுருக்கியிருந்த பவளம் அவற்றை நீட்டி மிதவையுயிர்களைப் பிடிக்கும். ஆண்டில் ஒருசில இரவுகளில் மட்டும், பெரும்பாலும் முழுநிலவை ஒட்டி, திட்டு முழுவதும் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் நீரில் விடும். அதைப் பார்க்கத் தவம் வேண்டும். விடுமுறைக் கணக்கில் அடங்காது.

பவளத்தை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே, தண்ணீருக்கடியில் புல்வெளி இருக்கும். கடற்புல் பாசி அல்ல, பூவும் வேரும் உள்ள செடி. மேலே இருந்து பார்த்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து பார்த்தால் கடல் குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும், கடல் அட்டை மணலை விழுங்கி விழுங்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், சங்கு ஊரும். இந்தப் புல்லை நம்பி வாழ்வது கடல்பசு. நம் தென்கரை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கும் மேல் புல் தின்னும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி. வலையில் சிக்கி மூச்சுத்திணறிச் சாவதே அதன் பெருந்துயரம். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடல், கடல்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அதுதான் முதல். நீங்கள் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. பார்த்தேன் என்று படகோட்டி சொன்னால் பாதியை நம்புங்கள்.

ஆமைகளில் நமக்குப் பழக்கமானது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையில் முட்டையிட வருவதும், 2025 தொடக்கத்தில் இதே கரை நெடுகிலும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதும் அதுவே. இழுவலையில் மாட்டி மூச்சடைத்துச் சாகிறது. அது திறந்த கடலின் பிராணி. பவளத்தீவில் நீங்கள் காண்பவை வேறு இரண்டு: கடற்புல்லை மேயும் பேராமை, பவளத்தோடு இடத்துக்குப் போட்டிபோடும் கடற்பஞ்சைக் கூர்மையான அலகால் கொத்தித் தின்னும் அழுங்காமை. இரண்டும் மூச்சுக்கு மேலே வரும்போது வழிமறிக்காமல் இருந்தால், உங்களைச் சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

21 தீவுகள் என்றேன். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் கட்டடக் கல்லுக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். அலையைத் தடுத்த சுவர் போனதும் தீவு கரைந்தது. நம் சென்னையின் பழைய கட்டடங்கள் சிப்பிச் சுண்ணாம்பால் பளபளத்தவை. அங்கே சிப்பிக்குப் பதில் பவளம். 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்க்கப்பட்ட பிறகு வெட்டுவது குறைந்து நின்றது. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவும் கரைந்து மறையும் நிலைக்கு வந்தது. 2015 முதல் அதன் கடல்பக்கம் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் மறுபடி சேர்ந்தது, அந்தக் கான்கிரீட்டின்மேல் பவளமும் வளர்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பவளம் கூலியில்லாமல் செய்துவந்த வேலைக்கு இப்போது நாம் கோடிக்கணக்கில் செலவு செய்துகொண்டிருக்கிறோம்.

வெட்டுவதை நிறுத்தலாம், வெயிலை எப்படி நிறுத்துவது? வழக்கமான கோடைச்சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியே துப்பிவிடும். நிறம் பாசியுடையது என்பதால் சதைக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். வெளுத்த பவளம் உடனே செத்ததாகாது, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும். 1998, 2010, 2016, 2024 என்று பெரிய வெளுப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. லட்சத்தீவு 1998இல் வாங்கிய அடி மிகப் பெரியது. உங்கள் படகின் கண்ணாடி வழியாகப் பளிச்சென்ற வெள்ளைப் பவளம் தெரிந்தால் அழகு என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள்.

எதைக் கண்டு ஒதுங்குவது? சுறா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். துடுப்பு நுனி கறுத்த சிறிய திட்டுச் சுறா உங்களைக் கண்டால் அதுதான் ஓடும். பயப்பட வேண்டியது அசையாதவற்றுக்கு. கல்மீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும். முதுகு முள்ளில் கடும் விஷம். சிங்கமீன் அழகாகத் துடுப்பை விரித்து நிற்கும்; அதன் முள்ளும் அப்படியே. குத்திவிட்டால் காயத்தைத் தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்திருங்கள், அந்த விஷம் சூட்டில் குலையும். அதோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அழகான கூம்புச் சங்கு உயிரோடு கிடந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள், அது ஊசிபோல் ஒன்றை எய்யும். சில இனங்களின் விஷம் ஆளைக் கொல்லும். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கிவைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிவிடும். கடல்பாம்பு தானாக வந்து கடிப்பது அபூர்வம்; கையில் பிடிப்பவர்களும் வலையிலிருந்து எடுப்பவர்களும்தான் கடிபடுகிறார்கள். சொறி (ஜெல்லிமீன்) மிதந்தால் அன்று குளியல் வேண்டாம். அந்தமானில் மட்டும் இன்னொன்று: உப்புநீர் முதலை. ஆட்கள் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் ஒரு நிமிடம் கால் நனைக்கவும் வேண்டாம்.

கடைசியாக, மே மாதம். என்னைக் கேட்டால் அது மோசமான தேர்வு. அந்தமானில் மே பிற்பாதியிலேயே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். மன்னார் வளைகுடாவிலும் அந்தச் சமயம் தென்மேற்குக் காற்று எழுந்து தண்ணீர் கலங்கும். ராமேஸ்வரத்துக்காரர்கள் ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். தெற்கே மன்னார் பக்கம் கொந்தளிக்கும் காலத்தில் வடக்கே பாக் பக்கம் சாதுவாக இருக்கும், வடகிழக்குக் காற்றில் இது தலைகீழாகும். தண்ணீர் தெளிந்து பார்க்க மாசி, பங்குனிதான் சரி. பிள்ளைகளின் பரீட்சை இடிக்கும் என்றால், தைப் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து ராமேஸ்வரம் போய்வாருங்கள். தேசியப் பூங்காவின் தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது, வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு அனுமதிக்கும் படகில்தான் போக வேண்டும். பணம் கொடுத்தால் தீவில் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது கிசுகிசுத்தால் ஏறாதீர்கள். அந்தமானுக்கு விமானம் இருந்தாலும், நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறது. மூன்று நாள் ஆகும், வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், பறக்கும் மீன்களை மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். லட்சத்தீவுக்கு முன்அனுமதிச் சீட்டு கட்டாயம், அதை வைத்துக்கொண்டுதான் டிக்கெட்டே யோசிக்க வேண்டும்.

தண்ணீரில் இறங்கும்போது சன்ஸ்கிரீன் பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் களிம்புகளில் இருக்கும் சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடுத்திருக்கிறது. நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையோடு மேலே மிதந்தபடி பார்த்தாலே போதும். களைப்பில் பவளத்தின்மேல் நிற்பதுதான் பெரிய சேதம், ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் குண்டுப் பவளம் ஒரு மிதியில் பல ஆண்டுகளை இழக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டு செத்ததுதானே என்று பையில் போடவும் வேண்டாம். செத்தாலும் முதல் அட்டவணைதான். அந்தமானிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள், பிள்ளைகள் ரகசியமாக எடுத்துவைத்தது அங்கேதான் வெளியே வரும்.